'செமிங்கு' என்ற ஒரு சொல்: பிறப்புறுப்பு மருக் களிம்பால் புண்ணான ஒரு நிகழ்வு

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரம். செம்பனைத் தோட்டங்களைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பிறப்புறுப்பு மருவுக்குக் களிம்பு போடுகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்று காட்டுவதற்காக எழுதிய நிகழ்வு இது. ஒரே ஆளின் கோப்பிலிருந்து எடுத்ததில்லை. யாருடைய அடையாளமும் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதால், திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை ஒருவர்மேல் ஏற்றி எழுதியிருக்கிறது. மருந்தின் அளவு, நாள் கணக்கு, உடலில் அது செய்யும் வேலை ஆகியவை உள்ளது உள்ளபடி.

நோயாளி

வயது 31. குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். மணமானவர், மனைவி 5 மாதக் கர்ப்பிணி. இரண்டு மாதமாக ஆண்குறியின் அடிப்பக்கத்தில் நான்கு மரு, முன்தோலின் உட்புறத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம், மேலே பூக்கோசு நுனி மாதிரி சொரசொரப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

கிளினிக்குக் காலடி வைக்கும் முன்பே இரண்டு வைத்தியம் பார்த்துவிட்டார். முதலில் அம்மான் பச்சரிசிப் பால், ஒரு வாரம். அடுத்து வீட்டில் கிடந்த கால் ஆணி மருந்து. அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். உள்ளங்காலின் தடித்த தோலை உரிப்பதற்கான பலத்தில் கலந்தது. ஆண்குறித் தோல் கண்ணிமைத் தோல் அளவுக்கு மெல்லியது. ஒரு தடவை தொட்டு வைத்ததுமே எரிச்சல் தாங்காமல் கழுவிவிட்டார். சுண்ணாம்பு, எருக்கம்பால், தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது என்று இந்தப் பட்டியல் நீளும். கையில் வரும் மருவுக்குப் பாட்டிமார் செய்தது இவை. அந்த இடத்துக்கு ஒன்றுமே ஆகாது.

இதை எதையும் அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தோல் முழுதாக ஆறும்வரை களிம்பைத் தொடங்க வேண்டாம் என்று டாக்டர் நிறுத்தி வைத்திருப்பார். ஏற்கெனவே உரிந்த தோலில் இந்த மருந்தைப் போடக் கூடாது.

டாக்டர் பார்த்தது சரியாகத்தான் இருந்தது. குறிமுனையின் விளிம்பில் முத்துக் கோத்ததுபோல் ஒரே வரிசையில், ஒரே அளவில் இருக்கும் சிறு மொட்டுகள் இயற்கையானவை. அவற்றை மரு என்று நினைத்துச் சுட்டுக்கொள்கிற இளைஞர்கள் உண்டு. தட்டையாக, ஈரமாக, வெளுத்த திட்டுகளாக இருந்தால் அது சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம். மருக் களிம்பு அதைத் தீர்க்காது, பென்சிலின் ஊசிதான் தீர்க்கும். ஆகவே சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லை. மரு என்று உறுதியான பிறகு இமிக்குவிமோட் 5 விழுக்காட்டுக் களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒரு பெட்டியில் 12 சிறு பொட்டலம், ஒவ்வொன்றிலும் 250 மில்லிகிராம்.

தவறு நடந்த இடம்

மருந்துப் பெட்டியில் மலாயில் ஒட்டியிருந்த சீட்டு இது: 'சாப்பு நிப்பிஸ், 3 காலி செமிங்கு, வக்து மாலாம்.' மெல்லிசாகத் தடவு, வாரத்துக்கு 3 முறை, இரவு நேரத்தில்.

நம் ஆட்கள் மருந்துச் சீட்டில் காலங்காலமாகப் பார்த்துப் பழகியது '3 காலி செஹாரி', அதாவது நாளைக்கு 3 முறை. காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து, கிருமி மாத்திரை எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும். '3 காலி' வரைக்கும் கண் படித்ததும் மிச்சத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. முகப்பில் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள், அதில் ஒருவர் பக்கத்து லயத்துக்காரர். மருந்து கொடுத்தவர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். இவர் காதில் விழாமலே தலையாட்டிவிட்டுப் பெட்டியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இந்த நிகழ்வில் கெட்டதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் கெட்டதுதான். இந்த மருந்தை வரிசைக்கு முன்னால் வைத்துக் கொடுக்கவே கூடாது. தனி அறையில், ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அளவை விரல் நுனியில் காட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஐந்து நாள்

முதல் நாள் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை தடவினார். ஒரு பொட்டலத்தை மூன்றாகப் பகிர்ந்து, மரு இருந்த இடத்தில் மட்டுமில்லாமல் சுற்றிலும் வெள்ளையாகப் பூசினார். கழுவவில்லை. 'மருந்து ஊற வேண்டும்' என்பது அவர் நினைப்பு.

இரண்டாம் நாள் லேசான அரிப்பு. மூன்றாம் நாள் சிவந்து எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று திருப்தி. நான்காம் நாள் லோரி இருக்கையில் உராய்வு தாங்காமல் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினார். அன்றிரவு குளிர், தலைவலி, உடம்பு வலி. டெங்கியோ என்று பயந்து இரண்டு பாராசிட்டமோல் போட்டுக்கொண்டார், களிம்பையும் தடவினார். ஐந்தாம் நாள் முன்தோல் வீங்கிப் பின்னால் தள்ள முடியவில்லை, நீர் கசியும் சிவந்த புண், சிறுநீர் பட்டால் உயிர் போகும் எரிச்சல். ஆறாம் நாள் திரும்பி வந்தார். அதுவரை போயிருந்தது 5 பொட்டலம்.

ஏன் இப்படி ஆனது

இமிக்குவிமோட் மருவைச் சுடும் மருந்தில்லை. தோலில் இருக்கும் காவல் உயிரணுக்களில் டி.எல்.ஆர்-7 என்றொரு ஏற்பி உண்டு. மருந்து அதைத் தட்டி எழுப்புகிறது; அந்த அணுக்கள் இன்டர்ஃபெரான் முதலான வேதிகளை விடுகின்றன; உடம்பின் எதிர்ப்புப் படை அந்த இடத்துக்கு வந்து, வைரஸ் தங்கிய அணுக்களைத் தின்று தீர்க்கிறது. அதனால்தான் ஒரு நாள் போட்டு ஒரு நாள் விடச் சொல்வது. விட்ட நாளில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். நாளைக்கு மூன்று முறை போட்டால் மரு மூன்று மடங்கு வேகத்தில் போகாது. வந்த படை திரும்பிப் போக வழியில்லாமல் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். குளிரும் உடம்பு வலியும்கூட அதே வேதிகள் மிகுந்து ரத்தத்தில் கலந்ததன் அறிகுறிதான்.

அளவையும் பார்ப்போம். ஒரு பொட்டலம் 20 சதுர சென்டிமீட்டர் பரப்புக்குப் போதும். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐந்து மருவையும் கூட்டினால் அரை சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. இவருக்கு ஒரு முறைக்கு ஓர் அரிசி மணி அளவே தாராளம். பொட்டலத்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போக வேண்டியது. விலை கூடிய மருந்து, தூக்கிப் போட மனசு வராது என்பது புரிகிறது. ஆனால் பொட்டலம் ஒரே முறைக்கென்று செய்யப்பட்டது. பிரித்து மடித்து வைத்தால் காயும், கைபட்டு அழுக்காகும்.

பிளாஸ்டர் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மூடி வைத்தால் வியர்வையில் தோல் ஊறி, மருந்து ஆழமாக இறங்கும். முன்தோல் உள்ளவர்களுக்கு முன்தோலே ஒரு மூடிதான். உட்புறத்தில் போட்டுவிட்டுக் கழுவாமல் விட்டால் பிளாஸ்டர் இல்லாமலே அதே கதி.

ஆறாம் நாள் செய்தது

களிம்பு நிறுத்தப்பட்டது. குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, உப்பு நீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வைத்து எடுப்பது, நாளைக்கு இரண்டு முறை. பிறகு மெல்லிசாக வாசலின். வலிக்குப் பாராசிட்டமோல். சீழ், கெட்ட வாடை, பரவும் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லாததால் கிருமி மாத்திரை தரவில்லை. சிறுநீர் போகிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. சிறுநீர் அடைத்தாலோ, பின்னால் தள்ளிய முன்தோல் அங்கேயே இறுகி முன்னால் வராமல் நின்றாலோ வெளிநோயாளி வரிசையில் உட்காரக் கூடாது. நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அவர் வீட்டில் இன்னொரு களிம்பு இருந்தது, அரிப்புக்கென்று எப்போதோ வாங்கிய ஸ்டீராய்டு. நல்ல வேளை, அதைத் தொடவில்லை. எரிச்சலை அது அன்றைக்கு அமர்த்தும். கூடவே, மருவை எதிர்க்கும் படையையும் அமர்த்திவிடும். தேமல், படை, மரு எல்லாவற்றுக்கும் ஒரே டியூபைத் தடவுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை விட வேண்டும்.

12 நாளில் தோல் முழுதாக மூடியது. அதில் நல்ல செய்தி ஒன்று: இத்தனை கலவரத்திலும் வடு இல்லை. சிலருக்குத் தடவிய இடம் வெளுத்துப் போகும், அது நிலைத்தும் விடலாம். அவருக்கும் ஓரிடம் கொஞ்சம் வெளுத்தது.

இரண்டாம் தொடக்கம்

மருந்தை மாற்ற வேண்டிய தேவை இல்லை என்பதே டாக்டரின் முடிவு, அது சரியான முடிவு. முன்தோலின் உட்புறத்து மருவை மட்டும் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து எடுத்தார்கள். வீக்கம் வந்தால் அதிகத் தொல்லை தரும் இடம் என்பதால் அங்கே களிம்பே வேண்டாம் என்று வைத்தார்கள். வெளியில் இருந்த நான்குக்கு மட்டும் மறுபடி இமிக்குவிமோட். முதல் இரண்டு வாரம் திங்கள், வியாழன் என்று இரண்டு இரவு. தோல் தாங்கியதும் திங்கள், புதன், வெள்ளி.

இந்த முறை மருந்தாளுநர் அவரைத் தனியே உட்கார வைத்தார். "அண்ணே, சீட்டப் பாக்காதீங்க, காலண்டரப் பாருங்க. எந்தெந்த ராத்திரின்னு இப்பவே வட்டம் போட்டுக் குடுங்க" என்று பேனாவை நீட்டினார். காலண்டரில் வட்டம், பெட்டிக்குள் ஒரு நகல். இதைவிட நல்ல அறிவுரைத்தாள் அச்சடித்து வருவதில்லை.

நேரக் கணக்கு வேலையோடு பொருந்த வேண்டும். களிம்பு தோலில் 6 முதல் 10 மணி நேரம் இருக்க வேண்டும், அதற்குமேல் கூடாது. அவர் லோரி எடுப்பது காலை ஐந்தரைக்கு. இரவு ஒன்பதரைக்குத் தடவி ஐந்து மணிக்குக் கழுவினால் ஏழரை மணி நேரம். பால்மரம் சீவுகிறவர்கள் நாலு மணிக்கே எழுந்தால் ஒன்பது மணிக்குள் தடவிவிடலாம். இரவு வேலைக்காரர்களுக்கு 'இரவு' என்பது படுக்கும் நேரம்; பகலில் தூங்குகிறவர் பகலில் தடவலாம். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நேரமாகிவிட்டது என்று கழுவாமல் ஓடுவதுதான் நடக்கக் கூடாதது. வெயிலில், வியர்வையில், லோரி இருக்கையில் பகல் முழுக்க அது ஊறினால் பழைய கதைதான்.

தடவும் முறையைக் கை பிடித்துச் சொல்ல வேண்டும். குளித்து, அந்த இடத்தைத் துண்டால் ஒற்றி, ஈரம் போகப் பத்து நிமிடம் விட வேண்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பொட்டலத்தைக் கத்தரிக்க வேண்டும். அரிசி மணி அளவை ஆள்காட்டி விரல் நுனியில் எடுத்து, நாலு மருவுக்கும் பகிர்ந்து தொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வெள்ளை மறையும்வரை மெல்லத் தேய்க்க வேண்டும். வெள்ளை தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். மறுபடி சோப்பால் கை கழுவி, தளர்ந்த பருத்திக் கைலியோடு படுக்கலாம். காலையில் வாடை குறைந்த சோப்பும் தண்ணீரும். முன்தோல் உள்ளவர்கள் தினமும், மருந்து போடாத நாளிலும், அதைப் பின்தள்ளிக் கழுவ வேண்டும். தள்ளுவது முந்தைய நாளைவிடக் கடினமாகத் தெரிந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

ஓர் இரவு மறந்துபோனால் நினைவு வந்த இரவில் போட்டுவிட்டு வழக்கமான கிழமைகளுக்குத் திரும்பலாம். இரண்டு அளவைச் சேர்த்துப் போடக் கூடாது. தடவிய தோலோடு உடலுறவு கூடாது. களிம்பு ஆணுறையின் ரப்பரையும் கெடுக்கும். முடி மழிப்பதையும் அந்தச் சில மாதங்களுக்கு விட வேண்டும், கத்தி கீறிய வழியாக மரு வரிசையாகப் பரவும்.

எதைப் பொறுப்பது, எதற்கு நிறுத்துவது? சிவப்பு, லேசான அரிப்பு, கொஞ்சம் செதில் வந்தால் பொறுக்கலாம். பெரும்பாலோருக்கு அது வரும். தோல் திறந்து ஈரம் கசிந்தாலோ, வீங்கினாலோ, நடக்கவும் சிறுநீர் கழிக்கவும் வலித்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ கழுவிவிட்டு நிறுத்த வேண்டும். சில நாள் ஓய்வு கொடுத்தால் சிகிச்சை வீணாகாது. மொத்தக் காலம் அதிகபட்சம் 16 வாரம்.

வைக்கும் இடமும் ஒரு சிக்கல். இந்த மருந்து 25 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கக் கூடாது. நண்பகலில் தகரக் கூரை வீட்டின் அலமாரி, லோரியின் முன்தட்டு, மோட்டார் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி, இவற்றில் ஒன்றும் தேறாது. மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் கதவில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. அவர் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்தார். பிள்ளைகள் கைக்கும் எட்டவில்லை, விருந்தாளி கண்ணிலும் படவில்லை.

நண்பர் கொடுத்த குப்பி

இடையில் நண்பர் ஒருவர் போடோஃபில்லோடாக்சின் 0.5 விழுக்காட்டுத் திரவத்தின் மிச்சத்தைக் கொண்டுவந்து 'இது மூணே நாள்ல போக்கிடும்' என்றார். இவர் வாங்கவில்லை. அதுவும் நல்ல மருந்துதான், ஆனால் வேலை செய்யும் வழி வேறு, நாள் கணக்கும் வேறு. அது உயிரணு பிரிவதைத் தடுத்து மருவைச் சாகடிக்கும். நாளைக்கு 2 முறையாக 3 நாள் போட்டு, 4 நாள் சும்மா விட வேண்டும். இந்தச் சுற்று அதிகபட்சம் 4 முறை. ஒரு நாளில் அரை மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது, மருவின் மொத்தப் பரப்பு 10 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டையும் கலந்து போட்டாலோ, ஒன்றின் கணக்கில் மற்றதைப் போட்டாலோ ஆழமான புண் வரும். கர்ப்பிணிக்கு இது அறவே ஆகாது, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் குப்பி கேட்பாரற்றுக் கிடக்கவும் கூடாது.

இணையத்தில் 'ஊபாட் கெத்துவாட்' (மலாயில் மரு மருந்து) என்று விற்கும் சொட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் எண் இருக்கும், ஹாலோகிராம் முத்திரையும் இருக்கும். டாக்டர் சீட்டுக்குக் கட்டுப்பட்ட மருந்துக்கு எண்ணின் இலக்கங்களை அடுத்து 'ஏ' என்ற எழுத்து வரும். அது இல்லாத குப்பியில் பலத்த அமிலம் இருந்தாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது. ட்ரைக்ளோரோ அசிட்டிக் அமிலம் 80 முதல் 90 விழுக்காட்டில் மருவுக்குப் போடுவது உண்மைதான். அது பயிற்சி பெற்ற கை கிளினிக்கில் வைத்துப் போடுவது.

மனைவி

கணவனுக்குப் புண் ஆறிய வாரத்தில், தனக்கும் இரண்டு மரு இருப்பதாக மனைவி கிளினிக் தாதியிடம் சொன்னார். சொல்லும் முன்பே கணவனின் பொட்டலத்தில் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். "அக்கா, இத நான் போடலாமா?" என்று கேட்டாரே, அந்தக் கேள்விதான் அவரைக் காப்பாற்றியது. கர்ப்ப காலத்தில் இமிக்குவிமோட் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. பிறப்புறுப்பின் உள்ளே அதை யாருமே போடக் கூடாது. அவருக்கு உறைய வைக்கும் சிகிச்சை இரண்டு முறை நடந்தது. கர்ப்பத்தில் மரு பெரிதாவது இயல்பு, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். மரு இருப்பதை மட்டும் காரணம் காட்டி வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுக்க வேண்டியதில்லை. பிறப்பு வழியை அடைக்கும் அளவுக்கு இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும்.

யாரிடமிருந்து வந்தது என்ற சண்டை அந்த வீட்டிலும் வந்தது. மருவை உருவாக்கும் எச்.பி.வி. வைரஸ் தொற்றிய பிறகு வாரக்கணக்கிலும் வெளிப்படலாம், பல மாதம் உறங்கிவிட்டும் வெளிப்படலாம், சிலருக்கு வருடம்கூட ஆகும். மருவை வைத்துத் துரோகத்தை நிரூபிக்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. அந்த ஒரு வாக்கியத்தைத் தாதி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார், களிம்பைப் போலவே அதுவும் சிகிச்சைதான். பத்தில் ஒன்பது மருவுக்குக் காரணம் இந்த வைரஸின் 6, 11 ஆகிய வகைகள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு 16, 18 வகைகளால் வருவது. மரு புற்றாக மாறும் என்ற பயம் வேண்டாம். ஆனால் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருக்கலாம் என்பதால், பிரசவத்துக்குப் பிறகு கருப்பைவாய்ப் பரிசோதனைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்கள்.

மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு 2010 முதல் எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. 4 வகைக்கான ஊசியும் 9 வகைக்கான ஊசியும் மருவையும் தடுக்கும். 2 வகைக்கான ஊசி தடுக்காது. வந்துவிட்ட மருவை எந்த ஊசியும் போக்காது.

பின்தொடர்தல்

மறுதொடக்கத்தின் நான்காம் வாரம்வரை கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மருந்து பலிக்கவில்லை என்று விடுகிறவர்கள் அதிகம் விடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆறாம் வாரத்தில் இரண்டு மரு தட்டையானது. பத்தாம் வாரத்தில் நான்கும் இல்லை. முதல் இரண்டு வாரம் 4 பொட்டலம், பிறகு எட்டு வாரம் 24, மொத்தம் 28. முன்பு வீணான 5-ஐயும் சேர்த்தால் 33.

இரண்டு மாதம் கழித்துப் பழைய இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று முளைத்தது. களிம்பு மருவைத்தான் போக்கும், வைரஸ் தோலில் தங்கியிருக்கலாம். முதல் மூன்று மாதத்தில் திரும்புவது சாதாரணம். ஒற்றை மரு என்பதால் ஒரே முறை உறைய வைத்து எடுத்தார்கள். வீட்டில் 3 பொட்டலம் மிச்சம் இருந்தது. அதை நண்பருக்குக் கொடுக்கவில்லை, அடுத்த தடவைக்கென்று பதுக்கவும் இல்லை. பிஸ்கட் டப்பாவோடு கொண்டுபோய் மருந்தாளுநரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.